கணினி கேள்வி பதில்: வட்டில் இருந்த இடம் எங்கே போயிற்று?

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: கணினியில் இடம் நிறைந்துவிட்டது, எதை நீக்குவதென்று தெரியவில்லை. நீக்குவது எளிது, இடத்தைப் பிடித்திருப்பது எது என்று கண்டறிவதுதான் வேலை. ஆகையால் முதல் கேள்விக்கான பதில் சற்று நீண்டுவிட்டது.

கேள்வி: என் மடிக்கணினியில் சி டிரைவின் மொத்தக் கொள்ளளவு 237 ஜிபி. அதில் 9 ஜிபி மட்டுமே காலியாக இருப்பதாகக் காட்டுகிறது. ஆனால் சி டிரைவைத் திறந்து, உள்ளே தெரியும் எல்லாக் கோப்புறைகளையும் தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் 164 ஜிபிதான் கணக்கு வருகிறது. மீதி 64 ஜிபி எங்கே? வைரஸ் ஏதேனும் புகுந்திருக்குமோ?

பதில்: வைரஸ் என்று அஞ்ச வேண்டாம். நீங்கள் கூட்டிய முறையில் சில பொருள்கள் கணக்கிலேயே வரவில்லை. கண்ணுக்குத் தெரியும் கோப்புறைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, அதே இடத்தில் மறைந்திருக்கும் கோப்புகளும் கோப்புறைகளும் தேர்வில் சேர்வதில்லை. அவற்றில் மூன்று பெரியவை. ஒன்று, திறந்திருக்கும் வேலையை வட்டில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் முறையில், ரேம் நினைவகத்தில் உள்ளதை எழுதி வைப்பதற்காக விண்டோஸ் ஒதுக்கி வைத்திருக்கும் கோப்பு. விண்டோஸ் 10இல் இது வழக்கமாக ரேமின் அளவில் 40 விழுக்காடு இருக்கும் என்பதால், 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் 6.4 ஜிபி இதற்கே போய்விடும். அடுத்தது, ரேம் போதாதபோது துணைக்கு வரும் பேஜ் ஃபைல். இதன் அளவை விண்டோஸ் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வைக்கும். மூன்றாவது, சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்னும் கோப்புறை. கணினியை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர் வசதிக்கான மீட்டெடுப்புப் புள்ளிகள் இதற்குள்தான் சேமிக்கப்படுகின்றன. நிர்வாகிக்கே இதைத் திறந்து பார்க்க இயல்பாக அனுமதி இல்லை.

இவற்றோடு, ரீசைக்கிள் பின்னில் கிடப்பவையும் மறைந்த கோப்புறையில்தான் இருக்கின்றன. உங்கள் கணினியில் வேறொருவருக்குத் தனிக் கணக்கு இருந்தால், அவருடைய கோப்புறையைத் திறக்க உங்களுக்கு உரிமை இல்லாததால், பிராப்பர்ட்டீஸ் அதைச் சுழி என்றே எண்ணிவிடும். வேடிக்கை என்னவென்றால், 164 ஜிபி என்ற உங்கள் கூட்டுத்தொகையும் சரியானதன்று. விண்டோஸ் கோப்புறைக்குள் ஒரே கோப்பு இரண்டு பெயர்களில் இரண்டு இடங்களில் தோன்றுவதுண்டு. அதைக் கூட்டல் இருமுறை எண்ணிவிடுகிறது. (இதைப் பற்றி வேறொரு வாசகரும் கேட்டிருக்கிறார், அங்கே விளக்குகிறேன்.) ஆகவே, காலி இடம் 9 ஜிபி என்ற எண்ணை நம்புங்கள், நீங்கள் கூட்டிய எண்ணை நம்பாதீர்கள்.

இனி, கண்டறியும் வழி. எதையும் புதிதாக நிறுவாமல் பார்க்க வேண்டுமானால், செட்டிங்ஸ் சென்று, சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று திறந்து, கூடுதல் வகைகளைக் காட்டச் சொல்லுங்கள். 'சிஸ்டம் அண்ட் ரிசர்வ்ட்' என்ற வரியை அழுத்தினால், மேலே சொன்ன மூன்றும் எத்தனை ஜிபி பிடித்திருக்கின்றன என்று தனித்தனியே தெரியும். விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து, புதுப்பிப்புகளுக்காக ஏறத்தாழ 7 ஜிபி இடத்தை விண்டோஸ் தானே ஒதுக்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் வந்திருக்கிறது. அதுவும் இங்கேயே காட்டப்படும்.

உங்கள் சொந்தக் கோப்புகளில் எது பெரியது என்று பார்க்க இந்தப் பக்கம் போதாது. அதற்கு விண்டர்ஸ்டாட், விஸ்ட்ரீ போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். இவை வட்டு முழுவதையும் ஒரு பெரிய செவ்வகமாக வரைந்து, ஒவ்வொரு கோப்பையும் அதன் அளவுக்கேற்ற சிறு செவ்வகமாக அதற்குள் அடுக்கிக் காட்டும். கண்ணில் பெரிதாகப் படுவதுதான் இடத்தைப் பிடித்திருப்பது. எண்களைப் படிக்கவே தேவையில்லை. இவ்வகைப் படத்துக்கு ட்ரீமேப் என்று பெயர். இது பிறந்ததே உங்களுக்கு வந்திருக்கும் இதே தொல்லையால்தான். 1990இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில், 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி வட்டு நிறைந்துவிட, யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார் என்று காண்பதற்காக பேராசிரியர் பென் ஷ்னைடர்மேன் இந்த முறையை உருவாக்கினார். இன்று ஒரு குறுங்காணொளிக்கே போதாத 80 எம்பிக்காக அன்று 14 பேர் இடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இந்த மென்பொருள்களை வலது சொடுக்கி, நிர்வாகியாக இயக்கும்படி திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுமதியில்லாத கோப்புறைகள் இவற்றின் கண்ணிலும் படாமல் போய், மீண்டும் அதே குழப்பம் நேரும். விஸ்ட்ரீ, என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் தன் வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் வழக்கமான முறை) வட்டின் கோப்பு அட்டவணையை நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளில் முடித்துவிடும்.

கண்டறிந்தபின் என்ன செய்வது? ஹைபர்னேட் வசதியை நீங்கள் பயன்படுத்துவதில்லை என்றால், அதை அணைத்துவிடலாம். கோப்பு தானாகவே நீங்கிவிடும். ஆனால் கணினி விரைவாகத் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் கூடவே போய்விடும் என்பதையும், மின்கலம் தீர்ந்துபோகும் தறுவாயில் திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றித் தருவது ஹைபர்னேட்தான் என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். மடிக்கணினி வைத்திருப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. பேஜ் ஃபைலைத் தொடவே வேண்டாம். அதை நீக்கி மிச்சம் பிடிக்கும் சில ஜிபிக்காக, ரேம் நிறையும்போது மென்பொருள்கள் திடீரென மூடிக்கொள்வதைச் சகித்துக்கொள்ள நேரும். மீட்டெடுப்புப் புள்ளிகளை மட்டும் தாராளமாகக் கட்டுப்படுத்தலாம். சிஸ்டம் புரொடக்ஷன் என்ற பகுதியில், அவற்றுக்கு வட்டின் எத்தனை விழுக்காடு என்று வரம்பிட ஒரு நகர்த்தி இருக்கிறது. சில கணினிகளில் அது பத்து விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதைக் கண்டிருக்கிறேன். 3 அல்லது 4 விழுக்காடு போதும். முழுவதும் அணைத்துவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த 64 ஜிபியைத் துரத்திக்கொண்டிருப்பதைவிட, 164 ஜிபிக்குள் தேடுவதே பெரும்பாலும் பலன் தரும். ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் பார்த்தால், ஐஃபோனைக் கணினியோடு இணைத்து எடுத்த பழைய காப்புப்பிரதிகள், அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பு, காணொளித் தொகுப்பு மென்பொருள்களின் தற்காலிகக் கோப்புகள் என்று யாரும் நினைத்தே பார்க்காதவை பல ஜிபிக்கு விரிந்து கிடக்கும். என் கணினியிலேயே, எப்போதோ கைமாறிவிட்ட ஒரு தொலைபேசியின் காப்புப்பிரதி இரண்டு ஆண்டுகளாக 50 ஜிபிக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்ததை இந்தப் படத்தில்தான் கண்டுபிடித்தேன். அப்படிப்பட்டவற்றைக் கோப்புறைக்குள் புகுந்து நீக்காமல், அவற்றை உருவாக்கிய மென்பொருளின் வழியாகவே நீக்குங்கள்.

கேள்வி: 1 டிபி என்று அட்டையில் அச்சிட்டிருந்த வெளிவட்டு ஒன்றை வாங்கினேன். கணினியில் இணைத்தால் 931 ஜிபி என்றே காட்டுகிறது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இல்லை. வட்டு தயாரிப்பவர்கள் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுகிறார்கள். அவர்களுக்கு 1 டிபி என்பது ஒரு லட்சம் கோடி பைட்டுகள். விண்டோஸ் 1024இன் மடங்குகளில் எண்ணிவிட்டு, அதற்கும் ஜிபி என்றே பெயரிடுகிறது. ஒரு லட்சம் கோடியை 1024ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், 931 வரும். முந்தைய கேள்வி கேட்டவரின் 237 ஜிபியும் இப்படித்தான் 256 ஜிபி வட்டிலிருந்து வந்தது. விண்டோஸ் கணக்கில் அந்த வட்டு 238 ஜிபி. அதில் 237 ஜிபி போக, எஞ்சிய சிறு பகுதி கணினி தொடங்குவதற்கும் பழுது நீக்குவதற்கும் வேண்டிய தனிப் பிரிவுகளுக்குப் போயிருக்கும். 1024இன் கணக்குக்குக் கிபிபைட், கிபிபிட் போன்ற தனிப் பெயர்கள் 1998இலேயே வகுக்கப்பட்டும், விண்டோஸ் அவற்றை ஏற்கவில்லை. மேக் கணினிகளோ 2009 முதல் ஆயிரத்தின் கணக்குக்கு மாறிவிட்டதால், உங்கள் வட்டை அங்கே இணைத்தால் 1 டிபி என்றே காட்டும்.

கேள்வி: விண்டோஸ் கோப்புறைக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று 11 ஜிபி இருக்கிறது. அதை அழித்துவிடலாமா? விண்டோஸ் டாட் ஓல்ட் என்பதும் 20 ஜிபி இருக்கிறது.

பதில்: முதலாவதை ஒருபோதும் கையால் அழிக்காதீர்கள்; கணினி தொடங்காமலே போகலாம். விண்டோஸின் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் களஞ்சியம் அதுதான். ஆனால் அது தோன்றும் அளவுக்குப் பெரியதன்று. விண்டோஸ் இயங்கத் தேவையான கோப்புகள் அந்தக் களஞ்சியத்தில் ஒரு பெயரிலும், சிஸ்டம்32 போன்ற இடங்களில் இன்னொரு பெயரிலும் தெரியும். வட்டில் அவை ஒரே கோப்புதான்; இரண்டு வாசல் உள்ள ஓர் அறையைப் போல. இதனை ஹார்ட் லிங்க் என்பார்கள். பிராப்பர்ட்டீஸ் இரண்டு வாசலிலும் நின்று எண்ணிவிடுவதால்தான் கோப்புறை பருத்துத் தெரிகிறது.

புதுப்பிப்புகள் வந்தபின் தேவையற்றுப்போன பழைய உறுப்புகளும் அங்கே இருக்கும். 30 நாள்கள் கழித்து விண்டோஸ் அவற்றைத் தானே நீக்கிக்கொள்ளும். காத்திருக்க முடியாதென்றால், டிஸ்க் கிளீனப் திறந்து, 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற பொத்தானை அழுத்தி, 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, அண்மையில் நடந்த பெரிய புதுப்பிப்புக்கு முந்தைய விண்டோஸ். புதியதில் கோளாறு கண்டு பழையதற்குத் திரும்ப நினைத்தால் இது வேண்டும். 10 நாள்களில் தானாகவே நீங்கிவிடும். எல்லாம் ஒழுங்காக இயங்குகிறது என்று உறுதியானால், மேற்கண்ட டிஸ்க் கிளீனப் பட்டியலிலேயே முந்தைய விண்டோஸ் நிறுவல்கள் என்பதற்கான வரியைத் தேர்ந்தெடுத்து இப்போதே நீக்கலாம்.

கேள்வி: என் படங்கள் எல்லாம் ஒன்டிரைவில் இருக்கின்றன. கிளவுடில்தான் இருக்கிறதே என்று கணினியில் உள்ள பிரதிகளை நீக்கி இடம் பிடிக்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

பதில்: வேண்டாம், நீக்காதீர்கள். ஏற்கெனவே நீக்கியிருந்தால் உடனே ஒன்டிரைவ் இணையதளத்தின் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள், தனிநபர் கணக்குகளில் 30 நாள்கள் வரை அங்கே இருக்கும். ஒன்டிரைவ் கோப்புறையில் நீங்கள் காண்பது, கிளவுடில் உள்ளதன் தனிப் பிரதி அன்று, அதன் பிம்பம். இங்கே நீக்கினால் அங்கேயும் நீங்கும், உங்கள் தொலைபேசியின் ஒன்டிரைவ் செயலியிலும் நீங்கும். இந்த ஒரு புரிதல் பிழையால் இழந்த குடும்பப் படங்களைப் பற்றி வரும் கடிதங்கள் மனத்தைப் பிசைகின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. கோப்புறையை வலது சொடுக்கி 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பின் பெயர் மட்டும் கணினியில் நிற்கும். உள்ளடக்கம் கிளவுடில் இருக்கும். அருகில் இருக்கும் பச்சைக் குறி மாறி, நீல நிற மேகக் குறி தோன்றும். திறக்கும்போது இணைய இணைப்பு வேண்டும் என்பதே இதன் விலை. இன்னொன்று: கிளவுடில் உள்ளது காப்புப்பிரதி ஆகாது. அரிய படங்களை ஒரு வெளிவட்டிலும் எழுதி வையுங்கள்.

கேள்வி: மேக் கணினியில் 30 ஜிபி காணொளிகளை நீக்கினேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். காலி இடம் கொஞ்சமும் கூடவில்லை. ஏன்?

பதில்: மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். டைம் மெஷின் என்ற காப்புப்பிரதி வசதி இயங்கினால், மணிக்கு ஒரு முறை உங்கள் வட்டின் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக அதே வட்டில் குறித்து வைத்து, ஏறத்தாழ 24 மணி நேரம் காக்கும். நீங்கள் நீக்கிய காணொளி அந்த ஸ்னாப்ஷாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே இடமும் விடுபடவில்லை. ஒரு நாள் பொறுத்தால் சரியாகிவிடும், அல்லது இடம் மிகவும் நெருக்கடியானால் கணினியே ஸ்னாப்ஷாட்டுகளைக் கைவிடும்.

இரண்டாவது காரணம் சுவையானது. 2017 முதல் மேக்கில் வழங்கும் ஏபிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில், ஒரு கோப்பை அதே வட்டுக்குள் நகலெடுத்தால் உண்மையில் எதுவும் நகலாவதில்லை. இரண்டு பெயர்களும் ஒரே தரவையே சுட்டும். எதையேனும் திருத்தினால் திருத்திய பகுதி மட்டும் தனியே எழுதப்படும். நீங்கள் நீக்கியது அப்படி ஒரு நகலாக இருந்தால், மூலக்கோப்பு இருக்கும்வரை ஒரு பைட்கூட விடுபடாது. நகல் கோப்புகளைத் தேடி நீக்கும் மென்பொருள்கள் 40 ஜிபி மிச்சம் என்று மார்தட்டினாலும் மேக்கில் நடப்பில் ஒன்றும் மிஞ்சாததற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம்.

மூன்றாவது, ஃபோட்டோஸ் செயலிக்குள் நீக்கியிருந்தால், அவை 'ரீசன்ட்லி டெலீட்டட்' என்ற தொகுப்பில் 30 நாள்கள் காத்திருக்கும். குப்பைத் தொட்டியைக் காலி செய்வதால் இது காலியாகாது.

கேள்வி: பத்தாயிரம் சிறு கோப்புகள் கொண்ட ஒரு கோப்புறை, கணினியில் 40 எம்பி இடம் பிடித்திருந்தது. 64 ஜிபி பென் டிரைவுக்கு மாற்றியதும் 1.2 ஜிபி பிடிக்கிறது. பென் டிரைவ் பழுதா?

பதில்: பழுது இல்லை. வட்டுகள் இடத்தைப் பைட் பைட்டாக அளந்து தருவதில்லை; கட்டம் கட்டமாகத் தருகின்றன. ஒரு கட்டத்தில் ஒரு கோப்பு அமர்ந்துவிட்டால், மிச்ச இடம் வேறு கோப்புக்குக் கிடையாது. கணினியின் என்டிஎஃப்எஸ் வட்டில் ஒரு கட்டம் வழக்கமாக 4 கேபி. பெரிய பென் டிரைவுகளில் உள்ள எக்ஸ்ஃபேட் முறையில், 32 ஜிபிக்கு மேற்பட்டவற்றுக்கு வழக்கமான கட்டம் 128 கேபி. 1 கேபி கோப்பு ஒவ்வொன்றும் 128 கேபி கட்டத்தை நிரப்பியதாகக் கணக்காகி, பத்தாயிரம் முறை பெருகிவிட்டது. பிராப்பர்ட்டீஸில் 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இரண்டு வரிகள் இருப்பது இந்த வேறுபாட்டைக் காட்டத்தான். எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி மாற்றுங்கள். தொல்லை தீரும், நகலெடுப்பதும் பல மடங்கு விரைவாக முடியும்.

கேள்வி: லினக்ஸ் சேவையகம் ஒன்றில் 60 ஜிபி பதிவுக் கோப்பை அழித்தேன். டியூ கட்டளை இடம் குறைந்ததாகச் சொல்கிறது. டிஎஃப் கட்டளை வட்டு இன்னும் நிறைந்திருப்பதாகச் சொல்கிறது. எதை நம்ப?

பதில்: இரண்டும் உண்மையே சொல்கின்றன. டியூ, கோப்புறைகளுக்குள் நடந்து சென்று பெயருள்ள கோப்புகளை எண்ணுகிறது. டிஎஃப், கோப்பு முறையிடமே எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கிறது. நீங்கள் அழித்தது கோப்பின் பெயரை மட்டுமே. அதைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும் சேவை, கையை எடுக்கும்வரை தரவு வட்டில்தான் இருக்கும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையின் பட்டியலில், அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகளைக் காணலாம். உரிய சேவையை மறுதொடக்கம் செய்தால் 60 ஜிபியும் திரும்ப வரும். இனிமேல், இயங்கிக்கொண்டிருக்கும் சேவையின் பதிவுக் கோப்பை அழிக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்குங்கள்.

வழியிலேயே இதையும் சொல்லிவிடுகிறேன்: லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் வட்டின் 5 விழுக்காடு இயல்பாகவே நிர்வாகிக்கென்று ஒதுக்கப்படுகிறது. 1 டிபி தரவு வட்டில் அது 50 ஜிபி. இயங்குதளம் இல்லாத, தரவு மட்டுமே உள்ள வட்டில் இதை 1 விழுக்காடாகக் குறைப்பதில் ஆபத்து இல்லை.

கேள்வி: வட்டைச் சுத்தம் செய்வதாக விளம்பரம் வரும் மென்பொருள்களை நிறுவலாமா?

பதில்: வேண்டாம். அவை நீக்கும் தற்காலிகக் கோப்புகளை விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸ் வசதியே நீக்கும். விண்டோஸின் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதால் கிடைக்கும் இடம் சில எம்பிகூட இராது. கோளாறு வரும் வாய்ப்போ உண்டு. இவ்வகையில் நற்பெயர் பெற்றிருந்த சிகிளீனர் என்ற மென்பொருளின் ஒரு பதிப்பிலேயே 2017இல் தீநிரல் நுழைக்கப்பட்டு, அதிகாரப்பூர்வத் தளத்தின் வழியாகவே பரவியது. விண்டோஸின் சொந்த வசதியிலும் ஓரிடத்தில் கவனம் தேவை: செட்டிங்ஸில் தற்காலிகக் கோப்புகளின் பட்டியலில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் ஒரு வரியாக இருக்கிறது. எல்லாப் பெட்டிகளிலும் கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டால், நீங்கள் இறக்கி வைத்த ஆவணங்களும் சேர்ந்து போய்விடும்.